பெரிய மீன் எந்த இரையைக் கடிக்கும்?

சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடி என்பது நம் பழமொழி. எவ்வளவு சின்ன மீனைப் போடலாம்? இந்தக் கேள்விக்கு விடை தேட அமெரிக்காவின் அட்லாண்டிக் கடற்கரைக்குச் செல்வோம். அங்கே தூண்டில்காரர்களின் செல்லப்பிள்ளை, ஸ்ட்ரைப்டு பாஸ் என்னும் மீன். வெள்ளி நிற உடலில் ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள் ஓடுவதால் வந்த பெயர் அது. கடலில் வாழ்ந்து, முட்டையிட மட்டும் ஆற்றின் நன்னீருக்கு வரும் மீன் இது.

முதலில் ஒரு சிறு கணக்கு. மீனின் நீளம் இரு மடங்கானால் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகும். 45 செ.மீ. மீன் சுமார் 1 கிலோ என்றால், 90 செ.மீ. மீன் சுமார் 8 கிலோ. இத்தனை கனத்த உடலைத் திருப்பவும் விரட்டவும் மிகுந்த ஆற்றல் செலவாகும். வரவு செலவை மிஞ்ச வேண்டுமல்லவா? ஆகவே பெரிய மீனுக்கு ஒரே வாயில் நிறைய உணவு தரும் இரையே ஏற்றது. மத்திக்கு உறவான, எண்ணெய்ச் சத்து மிகுந்த மென்ஹேடன் மீனும், உயிருள்ள விலாங்கும் அங்கே பெயர் பெற்ற இரைகள். சிறு இரையைப் போட்டால், துறுதுறுப்பான குட்டி மீன்கள் முந்திக்கொள்ளும். ஆனால் ஒன்று: கூட்டம் கூட்டமாய் மெல்லிய சிறு மீன்கள் வரும் பருவத்தில், பெரிய பாஸும் அவற்றையே அள்ளி விழுங்கும். அப்போது இரையும் அவற்றைப் போல் மெலிந்திருப்பதே நல்லது.

இரை இருப்பதை மீன் எப்படி அறிகிறது? ஒலி நீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் செல்லும். காற்றில் செல்வதைப் போல நான்கு மடங்குக்கும் அதிகம். தொலைவில் எழும் ஒலியை மீனின் உட்செவி அறியும். அருகில் நீர் அசைவதை, விலாவில் ஓடும் பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பு அறியும். செயற்கை இரை மீனின் மூக்கின் கீழ் ஒரு சாய்ந்த தகடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இழுக்கும்போது நீர் அதை மோத, இரை இருபுறமும் ஆடும். அந்த ஆட்டம் எழுப்பும் மெல்லிய அதிர்வு பக்கக்கோட்டுக்கு அழைப்பு மணி! பெரிய இரையை மெதுவாக இழுத்தால், பெரிய மீனின் நீச்சலையே அது ஒத்திருக்கும்.

நிறத்தின் கதை வேறு. சிவப்பு ஒளியை நீர் சில மீட்டர் ஆழத்திலேயே பெரும்பாலும் உறிஞ்சிவிடும். கடைக்காரரின் கண்ணைப் பறிக்கும் சிவப்பு இரை, ஆழத்தில் வெறும் கருநிழல்தான். இரவில் கறுப்பு இரையைப் பலர் விரும்புவதும் இதை ஒட்டியதே. கீழிருந்து பார்க்கும் மீனுக்கு, மங்கலான வானத்தின் முன் கறுப்பு உருவமே தெளிவாகத் தெரியும்.

வெட்டிய மென்ஹேடன் துண்டு வாசனையால் அழைக்கும். வாசனை நீரில் தானாகப் பரவுவது மிக மெதுவாகவே. நீரோட்டம்தான் அதைச் சுமந்து செல்கிறது. ஆகவே மீன் இருக்கும் இடத்துக்கு மேலோட்டத்தில் இரையைப் போட வேண்டும்.

இரண்டு சாதனைகளைப் பாருங்கள். 1982இல் நியூஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டியில் அல் மெக்ரெனால்ட்ஸ் பிடித்த 35.6 கிலோ மீன் செயற்கை இரையைக் கடித்தது. 2011இல் கனெக்டிகட் கடலோரத்தில் கிரெக் மையர்சன் பிடித்த 37.1 கிலோ மீன், உயிருள்ள விலாங்குக்கு மயங்கியது. அவருடைய தூண்டில் ஈயக் குண்டு கிலுகிலுப்பை போல் ஒலிப்பது!

இனி முக்கியமான செய்தி. பெரிய பாஸ்கள் பெரும்பாலும் பெண் மீன்கள். 6 வயதுத் தாய் சுமார் 5 லட்சம் முட்டைகளும், 15 வயதுத் தாய் 30 லட்சத்துக்கும் மேலும் இடக்கூடும். அளவு மீறிப் பிடித்ததால் 1980களில் இந்த இனம் நலிந்தது. மேரிலாந்து மாநிலம் 1985இல் இம்மீனைப் பிடிக்கவே தடை விதித்தது. இனம் மீண்டு வந்ததாக 1995இல் அறிவித்தார்கள். ஆயினும் 2019 மதிப்பீட்டில் மறுபடி சரிவு தெரிந்தது. அட்லாண்டிக் கடலோரத்தில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோர் 28 முதல் 31 அங்குலம் வரையுள்ள மீனையே வைத்துக்கொள்ளலாம் என 2023இல் விதி வந்தது. அதைவிடப் பெரியதை நீரில் விட்டுவிட வேண்டும்.

விட்ட மீன் பிழைக்க வேண்டுமே! அதனால்தான் இயற்கை இரைக்கு வட்டமுள் கட்டாயமாயிற்று. அதன் கூர்முனை உள்நோக்கி வளைந்திருப்பதால், மீன் விழுங்கினாலும் பெரும்பாலும் குடலில் குத்தாமல் வழுக்கி வந்து, வாயின் ஓரத்தில் மாட்டும். வெந்நீர்ப் பருவத்தில் நீரில் கரைந்த ஆக்சிஜன் குறைவு. நெடுநேரம் போராடிய மீன் மீள்வது கடினம். ஆகவே உறுதியான நரம்பு கட்டி, விரைவில் கரை சேர்த்து, முள்ளை நீரிலேயே கழற்றி விடுவது நல்லது.

பெரிய மீனை அழைக்கும் இரையைத் தேர்வது பாதி அறிவியல்தான். அதே மீன் அடுத்த வசந்தத்தில் ஆறேறி முட்டையிடும்படி முள்ளைத் தேர்வது மறு பாதி.