உங்களுக்குத் தெரியுமா? பந்திக்கு வராத பந்து மலைப்பாம்பு!

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பாம்பு வாங்கி வளர்ப்பவர்கள் ஓயாமல் புலம்புவது எதைப் பற்றித் தெரியுமா? கடித்துவிட்டது என்றல்ல. சாப்பிட மாட்டேன் என்கிறதே என்றுதான்!

இந்த அடம்பிடிக்கும் கூட்டத்துக்குத் தலைவர் பந்து மலைப்பாம்பு. சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து செல்லப்பிராணிக் கடைகளுக்குப் போகிறது. 1975-க்குப் பிறகு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து உயிரோடு ஏற்றுமதியானவை எத்தனை தெரியுமா? 30 லட்சத்துக்கும் மேல்!

பயந்தால் ஓடாது, சீறாது. தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு உருண்டையாகச் சுருண்டுவிடும். உருட்டினால் உருளும்! புது வீட்டுக்கு வந்த அன்றே எலியை நீட்டிப் பாருங்கள். பதில் இதே உருண்டைதான்!

அப்படியானால் முதல் நாள் என்ன செய்ய வேண்டும்? ஒன்றுமே செய்யக்கூடாது! தொடக்கூடாது, தூக்கக்கூடாது, பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டக்கூடாது. அனுபவசாலிகள் கொடுக்கும் கெடு 5 முதல் 7 நாள்!

பட்டினியால் செத்துவிடாதா என்கிறீர்களா? அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் 62 பாம்புகளைப் பட்டினி போட்டே பார்த்துவிட்டார்கள். பந்து மலைப்பாம்பும் அதில் உண்டு. 2007-இல் முடிவு வெளியானது. பாம்புகள் உடம்பின் ஆற்றல் செலவை 72 சதவீதம் வரை குறைத்துக்கொண்டன! இரை இல்லாமல் இருந்தது எத்தனை நாள்? 168 நாள்!

அதைவிட வேடிக்கை கேளுங்கள். அந்த 168 நாளில் பாம்புகள் எடை குறைந்தன. ஆனால் நீளத்தில் வளர்ந்தன! சாப்பிடாமலே வளர்ச்சி! நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிடாதீர்கள்!

காட்டில் இது எங்கே குடியிருக்கும் தெரியுமா? கரையான் புற்றிலும் எலி வளையிலும்! நான்கு பக்கமும் உடம்பு உரசும் இருட்டுப் பொந்துதான் இதற்குச் சொர்க்கம். பெரிய கண்ணாடித் தொட்டியில் விளக்குப் போட்டு வைத்தால் பயத்தில் வாயே திறக்காது. அதற்காகவே தொட்டிக்குள் ஒளிந்துகொள்ள 2 குகைகள் வைக்கிறார்கள். ஒன்று சூடான பக்கம், ஒன்று குளிர்ந்த பக்கம்!

சூடு இல்லாவிட்டால் தின்றதும் செரிக்காது! சூடான பக்கம் சுமார் 32 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் சுமார் 26. பல வீடுகளில் மாதக்கணக்கில் நீடித்த உண்ணாவிரதம் தெர்மோஸ்டாட்டைத் திருகியதும் முடிந்திருக்கிறது!

கண் நீலம் பாரித்துப் பால்போல மங்கிவிட்டதா? எலியை நீட்டாதீர்கள். சட்டை உரிக்கப் போகிறது. உரித்து முடிக்கும்வரை பெரும்பாலான பாம்புகள் எதையும் தொடாது!

ஆண் பாம்பா? இனச்சேர்க்கைக் காலம் வந்தால் சாப்பாடே மறந்துபோகும். பெண் பாம்பா? முட்டையைச் சுற்றிச் சுருண்டு உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்காது. சுமார் 2 மாதம்!

இப்போது மெனுவுக்கு வருவோம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பாம்புச் சாப்பாடு ஃப்ரீசரில் உறைந்த எலியாகக் கடையிலேயே கிடைக்கிறது. அளவுக்கு ஒரு பெயர்! அன்று பிறந்த ரோமமில்லாத குட்டி 'பிங்கி'. ரோமம் அரும்பினால் 'ஃபஸ்ஸி'. துள்ளி ஓடும் பருவம் 'ஹாப்பர்'. ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருக்கும் வீடுகளும் உண்டு!

உயிருள்ள எலியைப் போட்டால் என்ன? பாம்புக்குப் பசியில்லை என்றால் கதை தலைகீழ்! எலி பாம்பைக் கடித்துக் குதறியதும் உண்டு, கொன்றதும் உண்டு!

மைக்ரோவேவில் சூடாக்கலாமா? கூடவே கூடாது! பாதி வெந்துபோகும், வெடித்தும் போகலாம். கவரில் போட்டு வெந்நீரில் வைப்பதுதான் முறை. எலியின் உடல் சூடு எவ்வளவு இருந்தால் பாம்பு மயங்கும்? சுமார் 38 டிகிரி!

கடைசி நிமிடத்தில் எலியின் தலைக்கு மட்டும் ஹேர் டிரையர் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். சத்தியமாக! காரணம் பாம்பின் உதட்டில் இருக்கிறது. வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொன்றும் வெப்பத்தை உணரும் கருவி. கும்மிருட்டிலும் எலியின் சூடு தெரிந்துவிடும்!

அந்தக் குழிகளில் வேலை செய்யும் புரதம் எது என்று 2010-இல் கண்டுபிடித்தார்கள். கலிபோர்னியாவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம். அதே புரதம் நம் உடம்பிலும் இருக்கிறது! அரைத்த கடுகின் நெடி சுரீரென்று ஏறுகிறதே, அந்த எரிச்சலை நமக்குச் சொல்வது அதுதான். ஜூலியஸ் நோபல் பரிசு பெற்ற ஆண்டு 2021!

சூடும் போதவில்லையா? மணம் ஏற்றுவார்கள்! ஹாக்நோஸ் என்றொரு அமெரிக்கப் பாம்பு. காட்டில் தேரைதான் அதற்கு உயிர். வீட்டில் தேரைக்கு எங்கே போவது? டின்னில் அடைத்த சூரை மீனின் சாற்றில் எலியை முக்கி நீட்டுகிறார்கள். லபக்!

கார்டர் பாம்புக்கு மண்புழு வாசனை. கிங் ஸ்நேக் குட்டிக்குப் பல்லி வாசனை. அதற்கும் மசியாவிட்டால் இன்னொரு பாம்பு உரித்த சட்டையை எலிமேல் தேய்க்கிறார்கள். ஏன்? கிங் ஸ்நேக் பாம்பையே தின்னும் பாம்பு!

சிலர் எலியை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுகிறார்கள்! எலி வாசனையே பிடிக்காத குட்டிகளுக்கான வைத்தியம் அது. நன்றாக அலசித்தான் கொடுப்பார்கள்!

இன்னொன்று இருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தட்டைத் தள்ளி வையுங்கள்! பிங்கியின் மண்டையில் ஊசியால் லேசாகக் குத்தி மூளைச்சாறு கசிய விடுவது. நமக்குக் குமட்டும். குட்டிப் பாம்புக்குப் பசி கிளம்பும்!

பந்து மலைப்பாம்புக்கு வெள்ளை எலி பிடிக்காமல் போவதில் ஆச்சரியமே இல்லை. அதன் ஊர் எலி வேறு! மாஸ்டோமிஸ் என்ற ஆப்பிரிக்க எலியைக் காட்டினால் பிடிவாதக்காரப் பாம்புகளும் பாய்ந்து வருகின்றன. போகிற போக்கில் ஒரு தகவல்: அந்த எலியில் தாய்க்கு இருக்கும் பால்காம்புகள் 24 வரை!

கோழிக்குஞ்சும் நல்ல தூண்டில். நைஜீரியாவில் ஆராய்ந்து பார்த்தார்கள். 70 செ.மீ. நீளத்துக்குக் குறைந்த பந்து மலைப்பாம்புகள் பெரும்பாலும் தின்றது பறவைகளை! எலி பக்கம் முழுசாகத் திரும்புவது எப்போது? 1 மீட்டர் தாண்டிய பிறகு!

செத்த எலி என்று பாம்புக்குத் தெரியாதா? தெரிகிறது! பென்சில்வேனியாவின் டிக்கின்சன் கல்லூரியில் செத்த எலிகளுக்குள் போலி இதயம் வைத்துத் துடிக்கவிட்டார்கள். போவா பாம்புகள் இறுக்கின, இறுக்கின, இறுக்கிக்கொண்டே இருந்தன. துடிப்பை நிறுத்தியதும்? பிடியைத் தளர்த்தத் தொடங்கின! 2012-இல் வெளியான ஆய்வு இது. உயிருள்ள இரையையே பார்த்திராத பாம்புகளும் அப்படியே செய்தன!

ஆகவே வளர்ப்பவர்கள் நீண்ட இடுக்கியால் எலியைப் பிடித்து ஆட்டிக் காட்டுகிறார்கள். இருட்டிய பிறகுதான். பாம்பு கவ்விய பின்னும் லேசாக அசைக்கிறார்கள். கையால் நீட்டினால்? சூடான விரலுக்கும் சூடான எலிக்கும் பாம்பு வித்தியாசம் பார்க்காது!

நம் ஊரில் புற்றுக்குப் பாலும் முட்டையும் வைக்கிறோம். பால் பாம்பின் உணவே அல்ல! முட்டை? அதை மட்டுமே தின்று வாழும் பாம்பு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. பல் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. முதுகெலும்பின் முனைகளால் உள்ளேயே முட்டையை உடைத்து, ஓட்டை மட்டும் வெளியே துப்பிவிடும்!

ஆசை வந்துவிட்டதா? பொறுங்கள்! நாகம், சாரை, மலைப்பாம்பு என்று நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. தடுக்கும் சட்டம் பிறந்த ஆண்டு 1972!

பெனின் நாட்டின் ஒய்டா நகரில் பந்து மலைப்பாம்புக்குக் கோயிலே இருக்கிறது. எதிரே கத்தோலிக்கப் பேராலயம்! கோயில் பாம்புகளை இரை தேட வெளியே விடுகிறார்கள். யார் வீட்டுக்குள்ளாவது புகுந்துவிட்டால் அடிப்பதில்லை. பக்குவமாகத் தூக்கிவந்து கோயிலில் விடுகிறார்கள். அங்கே யாரும் எலிக்கு ஹேர் டிரையர் பிடிப்பதில்லை!

சரி, வீட்டுப் பாம்பு சாப்பிடவில்லை என்று எப்போதுதான் கவலைப்பட வேண்டும்? தராசைக் கேளுங்கள்! வாராவாரம் எடை போடுவதுதான் கெட்டிக்காரத்தனம். நன்றாக வளர்ந்த பாம்பு எடை குறையாமல் பட்டினி கிடந்தால் அது அதன் இஷ்டம். கால்நடை மருத்துவரைத் தேட வேண்டிய எல்லை 10 சதவீத எடை இழப்பு!

வாயைப் பிளந்து திணிப்பது கடைசிக்கும் கடைசி. பதறிய கைகளால் திணித்தால் தொண்டை கிழியலாம். தெரிந்தவர் கையில் மட்டுமே விடவேண்டிய வேலை!

அவசரம் எதற்கு என்று கேட்கும் உரிமை இந்தப் பாம்புக்கு உண்டு. செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் ஒரு பந்து மலைப்பாம்புப் பாட்டி 2020-இல் 7 முட்டை இட்டாள். 15 வருடங்களுக்கு மேல் ஆண் பாம்பு பக்கத்திலேயே இல்லை! வயது? சுமார் 62!

ஒருவழியாக விழுங்கிவிட்டதா? உள்ளே திருவிழா ஆரம்பம்! பெரியப்பா முறையான பர்மா மலைப்பாம்பை 2005-இல் ஆராய்ந்தவர்கள் அசந்துபோனார்கள். இரை விழுங்கிய 2 நாளில் அதன் இதயம் பெருத்தது 40 சதவீதம்!

ஆகவே சந்தோஷத்தில் தூக்கிக் கொஞ்சிவிடாதீர்கள்! 48 மணி நேரம் தொடவே கூடாது. தொந்தரவு செய்தால் விழுங்கிய எலி முழுசாக வெளியே வந்து விழும். அடுத்த எலியை நீட்ட நீங்கள் காத்திருக்க வேண்டியது இன்னும் 2 வாரம்!