எடை குறைந்தாச்சு... வயிறு மட்டும் ஏன் தொங்குது?
எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வயிற்றுப் பகுதிக்கான பயிற்சிகள்

கல்யாண மண்டபத்து வாசலிலேயே ஆரம்பித்துவிடும். "அடையாளமே தெரியலையே, எவ்ளோ இளைச்சிட்டே!" என்று கையைப் பிடித்துக்கொள்ளும் அதே அத்தை, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்துவார். "ஆமா, ஆபரேஷன் பண்ணியும் வயிறு மட்டும் ஏன்மா இப்படித் தொங்குது?"

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பலருக்கும் பழகிப்போன கேள்விதான் இது. முப்பது, நாற்பது கிலோ குறைந்திருக்கும். சர்க்கரை மாத்திரை குறைந்திருக்கும் அல்லது நின்றே போயிருக்கும். மாடி ஏறினால் மூச்சு வாங்காது. ஆனால் கண்ணாடி முன்னால் நின்றால், தொப்புளுக்குக் கீழே சுருங்கித் தொங்கும் ஒரு மடிப்பு. அத்தையின் கேள்வி மனதில் உறுத்த, மறுநாள் காலையிலேயே யூடியூபைத் திறந்துவைத்துக்கொண்டு நூறு 'சிட்-அப்ஸ்' எடுக்கத் தொடங்குபவர்கள் உண்டு. இரண்டு மாதம் கழித்தும் மடிப்பு அப்படியே இருக்கும். "என்ன செய்தும் பலனில்லை" என்று மொத்தப் பயிற்சியையும் நிறுத்திவிடுவார்கள். உண்மையான நஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏனென்றால், குறைந்த எடை திரும்பி வராமல் காப்பதில் அந்தப் பயிற்சிக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

தொங்குவது எது?

வயிற்றின் முன்பக்கம் மேலே தோல், அதன் கீழே கொழுப்பு, அதற்கும் கீழே தசைச்சுவர் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. தசைச்சுவருக்கு உள்ளே, குடலைச் சுற்றிலும் கொழுப்பு உண்டு. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிசெய்யும் அந்த உள்கொழுப்பு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு நன்றாகவே கரைகிறது. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பும் குறைகிறது. தோல் மட்டும் அதே வேகத்தில் சுருங்குவதில்லை.

பல வருடம் உடுத்திய நைட் பேன்ட்டின் எலாஸ்டிக்கை நினைத்துப் பாருங்கள். தோலுக்கு இழுவைத் தன்மை தரும் கொலாஜன், எலாஸ்டின் நார்கள் ஆண்டுக்கணக்கில் விரிந்தே இருந்து தளர்ந்துவிட்டன. வயது, பரம்பரை, புகைப்பழக்கம், எத்தனை கிலோ குறைந்தது, எத்தனை வருடம் அந்த எடையோடு இருந்தார் என்பதையெல்லாம் பொறுத்துத் தோல் ஓரளவு திரும்பும், அல்லது திரும்பாது. உடற்பயிற்சி செய்து தோலைச் சுருக்க முடியாது. எந்த க்ரீமும் அந்த மடிப்பை எடுக்காது. வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பதும் உண்மையில்லை. கொழுப்பு எங்கிருந்து முதலில் குறைய வேண்டும் என்பதை உடல்தான் முடிவு செய்கிறது.

உடற்பயிற்சியால் மாற்றக்கூடியது தசைச்சுவரை. அது வலுவானால் முதுகு நிமிரும், இடுப்பு வலி குறையும், வயிறு முன்னால் தள்ளி நிற்பது குறையும். அதே மடிப்பு இருந்தாலும் உடலின் தோற்றம் மாறும்.

பெண்களுக்கு இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. பிரசவங்களாலோ அதிக எடையாலோ வயிற்றின் நடுவில் செங்குத்தாக ஓடும் இரண்டு தசைப்பட்டைகள் விலகியிருக்கலாம். ஆண்களுக்கும் இது வருவதுண்டு. காயம் ஆறிய பிறகு மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலே விரல்களை வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி தெரிந்தாலோ, நடுவில் கூடாரத்தின் முகடுபோல் புடைத்தாலோ சிட்-அப்ஸ் பக்கமே போகாமல் முதலில் பிசியோதெரபிஸ்டைப் பார்க்க வேண்டும்.

முதல் ஆறு வாரம்

இன்று பெரும்பாலும் செய்யப்படும் ஸ்லீவ், பைபாஸ் இரண்டுமே சிறு துளைகள் வழியாகத்தான் நடக்கின்றன. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றப்படுகிறது. வெளியே தெரிவது நாலைந்து சின்னத் தழும்புகள் மட்டுமே. அதனால் உள்ளேயும் எல்லாம் ஆறிவிட்டதாக நினைத்துவிடுவது சுலபம். ஆனால் அந்தத் துளைகள் தசைச்சுவரையும் துளைத்துத்தான் போயிருக்கின்றன. ஆறுவதற்குள் அழுத்தம் கொடுத்தால் அந்த இடத்தில் குடலிறக்கம் வரலாம்.

ஆகவே முதல் பயிற்சி நடைதான். அறுவை சிகிச்சை நடந்த அன்றோ மறுநாளோ வார்டிலேயே நடக்கவைப்பார்கள். கால் நரம்புகளில் ரத்தம் உறையாமல் தடுக்க அது அவசியம். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாளில் பல தடவை ஐந்தைந்து நிமிடம் நடந்து, வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொண்டே போகலாம்.

படுக்கையிலிருந்து நேராக எழக் கூடாது. அதுவும் ஒரு சிட்-அப்தான். ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி எழ வேண்டும். "வலது பக்கம் திரும்பி எந்திரி" என்று பாட்டிகள் எந்தக் காரணத்துக்குச் சொன்னார்களோ, இந்த வாரங்களில் அது வயிற்றுக்கு நல்லதுதான்.

நான்கு முதல் ஆறு வாரம் வரை கனமான எதையும் தூக்க வேண்டாம் என்பார்கள். ஐந்து கிலோதான் எல்லை என்று பல மருத்துவர்கள் சொல்வதுண்டு. நம் வீடுகளில் இதைக் கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் குடமே பத்து கிலோவைத் தாண்டும். கேஸ் சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்பின் எடையையும் சேர்த்தால் முப்பது கிலோவுக்குப் பக்கத்தில் வரும். கிரைண்டர் கல், மாவு வாளி, ஓடிவந்து இடுப்பில் ஏறும் பேரக்குழந்தை எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். ஜிம்முக்குப் போகாமல் கவனமாக இருந்துவிட்டு, தண்ணீர் லாரி வந்த அன்று குடம் தூக்குபவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் மற்றவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வேலையைப் பிரித்துக்கொடுப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

மூச்சிலிருந்து பிளாங்க் வரை

மருத்துவர் அனுமதித்த பிறகு தொடங்க வேண்டியது, பார்ப்பதற்குப் பயிற்சிபோலவே தெரியாத ஒன்று. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். மூக்கு வழியாக மூச்சை இழுக்கும்போது வயிறு மெதுவாக உயரட்டும். வாய் வழியாக விடும்போது தொப்புளை முதுகெலும்பை நோக்கி உள்ளே இழுங்கள். இறுக்கமான பேன்ட் ஜிப்பைப் போடும்போது வயிறு தானாக உள்ளே போகுமே, அந்த அளவு போதும். ஐந்து விநாடி, பத்து தடவை. வயிற்றைச் சுற்றிப் பட்டைபோல் ஓடும் ஆழமான தசை இதில்தான் வேலை செய்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு செய்வது கூடாது.

இது பழகியதும் அதே நிலையில் இடுப்பை லேசாகச் சாய்த்து, கீழ்முதுகைத் தரையோடு அழுத்தி விடலாம். அடுத்து, ஒரு குதிகாலைத் தரையில் தேய்த்தபடி நீட்டி மடக்கலாம். இடுப்பு அசையாமல் இருந்தால்தான் அது வயிற்றுப் பயிற்சி. அசைந்தால் வெறும் கால் நீட்டல். பிறகு முட்டியும் கையும் ஊன்றி நின்று, எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டும் 'பேர்ட் டாக்'. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே தலையணை போட்டுக்கொள்ளலாம்.

பிளாங்க் செய்யத் தரையில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றில்லை. முதலில் சுவரில் கை ஊன்றி இருபது விநாடி. சில வாரங்களில் சமையலறை மேடை. அப்புறம் கட்டில் விளிம்பு. கடைசியில் தரையில், முதலில் முழங்கால் ஊன்றி. எந்தப் படியிலும் வயிற்றின் நடுவில் புடைப்பு தெரிந்தால் ஒரு படி கீழே இறங்கிவிட வேண்டும். தரைப் பிளாங்க்குக்கு வந்துசேர ஆறு மாதம் ஆனாலும் குற்றமில்லை.

வயிற்றை மட்டும் தனியாகப் பிடித்து வேலை வாங்கினால் போதாது. நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, ரப்பர் பேண்டை இழுப்பது என்று கால், முதுகுத் தசைகளுக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது வேலை வேண்டும். இதோடு வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் எல்லாப் பெரியவர்களுக்கும் சொல்லும் குறைந்தபட்ச அளவு. வேகமான நடை அதில் சேரும்.

பயிற்சியின்போது ஒரே மூச்சில் சொம்புத் தண்ணீரைக் குடிக்கச் சின்ன வயிறு இடம் தராது. நாள் முழுக்கச் சிறுகச் சிறுகக் குடித்துவர வேண்டும். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்களுக்கு நடுவில் தலைசுற்றினால், பழைய அளவு மருந்து இப்போது அதிகமாகிவிட்டது என்பது காரணமாக இருக்கலாம். மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் அலட்சியப்படுத்தக் கூடாது. வயிற்றில் வலி வந்தால், "நேத்து எக்ஸர்சைஸ் பண்ணினதால இருக்கும்" என்று விட்டுவிடுவது சகஜம். பைபாஸ் செய்தவர்களுக்கு ஆண்டுகள் கழித்தும்கூட உள்ளே குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வேகமாக எடை குறைந்தவர்களுக்குப் பித்தப்பைக் கல்லும் வரலாம். சாப்பிட்ட பிறகு முறுக்கிப் பிடிக்கும் வலி, வாந்தி, தழும்பருகே புடைப்பு, காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தட்டில் முதலில் என்ன?

குறையும் எடை முழுவதும் கொழுப்பில்லை. அதில் தசையும் போகிறது. பயிற்சியும் புரதமும் சேர்ந்தால்தான் அந்த இழப்பைக் குறைக்க முடியும். ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்பது பொதுவாகத் தரப்படும் இலக்கு. ஒரு முட்டையில் 6 கிராம்தான் கிடைக்கிறது. இரண்டு இட்லியும் சட்னியும் சாப்பிட்டாலே நிறைந்துவிடும் வயிற்றுக்கு இது பெரிய சவால். ஆகவே சாப்பிடும் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் மீன், கோழி, முட்டை, பனீர், சுண்டல், கெட்டிப் பருப்பு. அடுத்து காய். சோறு கடைசியில், இடம் இருந்தால். எண்ணிக்கை எட்டவில்லை என்றால் உணவியல் நிபுணர் புரதப் பொடி பரிந்துரைப்பார். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை, நன்றாக இருக்கிறேன் என்று நடுவில் நிறுத்திவிடக் கூடாது.

மடிப்பு இருந்தே தீரும் என்றால்

நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் மடிப்புக்குள் பூஞ்சைத் தொற்று சீக்கிரம் வரும். குளித்ததும் பருத்தித் துண்டால் ஒற்றி உலரவைக்க வேண்டும். பயிற்சியின்போது வயிற்றைத் தாங்கிப் பிடிக்கும் உயர் இடுப்பு லெக்கிங்ஸோ பெல்ட்டோ அணிந்தால் மடிப்பு ஆடாது, உராயாது. அது தாங்கல்தான், வயிற்றைச் சுருக்கும் மந்திரம் இல்லை. புடவை கட்டுபவர்கள் பாவாடை நாடாவை மடிப்பின் மேலேயே இறுக்கிக் கட்டாமல், அகலமான இடுப்புப்பட்டை வைத்துத் தைத்துக்கொண்டால் தோல் புண்ணாகாது.

மடிப்பை எடுக்க அறுவை சிகிச்சைதான் ஒரே வழி. வயிற்று மடிப்புத் தோலை அகற்றி, விலகிய தசைகளையும் சேர்த்துத் தைக்கும் 'டம்மி டக்' பரவலாகத் தெரிந்தது. கொழுப்பை மட்டும் உறிஞ்சும் லைப்போசக்‌ஷன், தளர்ந்த தோலுக்குத் தீர்வாகாது. சில நேரம் தொங்கலை இன்னும் கூட்டிவிடும். முதல் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் கழித்து, எடை சில மாதங்களாவது ஏறாமல் இறங்காமல் நின்ற பிறகே பிளாஸ்டிக் சர்ஜன்கள் இதற்குச் சம்மதிப்பார்கள். குழந்தை பெறும் எண்ணம் இருப்பவர்களைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். புகைப்பவர்கள் நிறுத்தியாக வேண்டும். ரத்தத்தில் புரதமும் இரும்பும் போதுமா என்று பார்ப்பார்கள், இல்லையென்றால் காயம் ஆறாது.

அழகு சிகிச்சை என்று காப்பீட்டில் மறுக்கப்படலாம். மடிப்பில் புண்ணும் தொற்றும் திரும்பத் திரும்ப வருபவர்கள் தோல் மருத்துவரின் சீட்டுகளையும் புகைப்படங்களையும் தேதியோடு பத்திரப்படுத்தி வைப்பது நல்லது. இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஓடும் தழும்பு நிரந்தரமாக இருக்கும். அதன் பிறகும் சில வாரம் கனம் தூக்கக் கூடாது. பயிற்சியைத் திரும்ப ஆரம்பிக்கும்போது மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, அதே மூச்சுப் பயிற்சியில்தான் ஆரம்பிக்க வேண்டும்.