ஷென்சென்னுக்கு அந்நிய மூலதனம் வந்த விதம்

அந்நிய மூலதனத்தை வரவழைக்க விரும்பும் அரசாங்கங்கள், ஒரு பிரதேசத்தை எல்லை வகுத்துப் பிரித்து, அதற்குள் வரியைக் குறைத்துவிட்டால் காரியம் சித்தியாகிவிடும் என்று எண்ணுவது வழக்கமாயிருக்கிறது. ஆயினும், இத்துறையில் மகத்தான வெற்றி கண்ட சீன தேசத்து ஷென்சென்னின் சரித்திரத்தை ஊன்றிப் படிப்போருக்கு, வரிச் சலுகை அவ்வெற்றியின் ஓர் அம்சமேயன்றி மூலகாரணமன்று என்பது விளங்கும்.

குவாங்டோங் மாகாணக் கட்சித் தலைவர் ஷி சோங்ஷுன் சிறப்புப் பொருளாதார வலயம் அமைக்க 1979-இல் விடுத்த கோரிக்கையைச் சீனத் தலைவர் டெங் சியாவோபிங் ஆதரிக்க, 1980 ஆகஸ்டு 26-ஆம் தேதி அங்கீகாரம் பெற்ற விதிகளின்படி, வருமான வரி நூற்றுக்குப் பதினைந்து என்று நிர்ணயமாயிற்று. இயந்திரங்களுக்கும் கச்சாப் பொருள்களுக்கும் இறக்குமதித் தீர்வை நீங்கிற்று. ஆனால் முதலில் வந்த முதலாளிகள் பெரும்பாலும் ஒரு சிற்றாற்றுக்கு அப்பாலிருந்த ஹாங்காங்வாசிகள். அங்கே கூலியும் வாடகையும் ஏறிவிட்டிருந்தமையால், துணியையும் பொம்மை உறுப்புகளையும் இக்கரைக்கு அனுப்பி, தங்கள் கண்டோனிய மொழியையே பேசும் மக்களிடம் கூலிக்கு வேலை வாங்கி, முடிந்த சரக்கைத் தங்கள் துறைமுகத்தின் வழியாகவே உலகுக்கு அனுப்புவது அவர்களுக்குச் சௌகரியமாயிருந்தது.

ஆசியாவின் முதல் ஏற்றுமதி வலயம் நமது குஜராத்தின் காண்ட்லாவில் 1965-இலேயே தோன்றியது. எனினும் சுமார் 1000 ஏக்கரே கொண்ட அதற்கு அத்தகைய அண்டை நகரமும் இல்லை, ஷென்சென்னின் 327 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணமும் இல்லை.

ஆலை கட்டுகிறவன் வரிக்கு முன்னதாக விசாரிப்பது, நிலம் எத்தனை வருஷம் தன் வசம் இருக்கும் என்பதையே. நிலத்தை விற்பதும் குத்தகைக்கு விடுவதும் சீன அரசியல் சட்டத்தில் விலக்கப்பட்டிருந்த காலத்திலேயே, 1987 டிசம்பர் 1-ஆம் தேதி, 8,588 சதுர மீட்டர் மனையின் ஐம்பதாண்டு அனுபவ உரிமையை ஷென்சென் நிர்வாகம் பகிரங்கமாக ஏலமிட்டது. அது 52 லட்சத்து 50 ஆயிரம் யுவானுக்குப் போயிற்று. அடுத்த ஏப்ரலில் அரசியல் சட்டமே திருத்தப்பட்டது. இந்தத் துணிவையே நான் அந்நகரத்தின் பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

இவ்வளர்ச்சியைத் தோளில் சுமந்தவர்கள், தொலைதூர மாகாணங்களிலிருந்து வந்து, நகரவாசிகளுக்குரிய உரிமைகள் ஏதுமின்றி ஆலை விடுதிகளில் தங்கியிருந்த இளம் பெண்கள். 1993 நவம்பர் 19-ஆம் தேதி, ஷென்சென் நகராட்சிக்குட்பட்ட ஒரு பொம்மைத் தொழிற்சாலையில் தீப்பற்றியபோது, ஜன்னல்களில் கம்பி பதித்து, வாயில்களையும் பூட்டி வைத்திருந்தமையால், எண்பதுக்கும் மேற்பட்டோர் வெளியேற வழியின்றி மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சீனாவின் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது அதற்கடுத்த ஆண்டிலேதான்.

நம் நாட்டில் இத்தகைய வலயங்களுக்குத் திட்டம் வகுப்போர், வரிவிலக்கு எத்தனை ஆண்டு என்று குறிக்கும் அதே ஒப்பந்தத்தில், ஆலையின் வாயில்களைப் பரிசோதிக்கும் அதிகாரி யார், அவர் எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை வர வேண்டும் என்பதையும் எழுதிச் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.