"வெறியில அடிச்சிட்டார்"

"படியில வழுக்கி விழுந்திட்டன்." களுபோவில போதனா வைத்தியசாலை போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு இது புதிய கதையல்ல. விழுகிறவர் கையை ஊன்றுவார். உள்ளங்கையும் முழங்காலும் சிராயும். முகத்தைக் காக்கக் கையை உயர்த்தியவருக்கோ முன்கையின் வெளிப்புறம், சுண்டுவிரல் பக்கமாகக் கன்றியிருக்கும். பழகிய மருத்துவர் முதலில் அந்தக் கையைத்தான் திருப்பிப் பார்ப்பார்.

கணவன் அடித்ததுதான் என்ற உண்மை வெளிவந்தால் வீட்டார் ஒரு சமாதானம் சொல்வார்கள்: "வெறியில அடிச்சிட்டார். வெறி முறிஞ்சா தங்கமான மனுசன்." இதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே வெறியில் அவர் முதலாளியை அடிப்பதில்லை. வீதியில் மறிக்கும் பொலிஸ்காரரிடம் "சேர்" என்று குழைகிறார். வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் கை நீளுகிறது. மக்ஆண்ட்ரூ, எட்ஜர்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் பல சமூகங்களின் குடிப்பழக்கத்தை ஒப்பிட்டு 1969இல் ஒரு நூல் எழுதினார்கள். போதையில் எப்படி நடப்பது என்பதையும் மனிதர் தம் சமூகத்திடமே கற்கிறார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு.

சாராயம் குற்றமற்றது என்று சொல்ல வரவில்லை. அது நிதானத்தைக் கெடுக்கிறது, அடியைப் பலமாக்குகிறது. சம்பளம் போத்தலுக்குப் போன வீட்டில் அரிசிக்காகவே சண்டை வெடிக்கிறது. ஆனால் ஒரு சொட்டும் தொடாமல் அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இலங்கையில் கணவன் அல்லது துணையால் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ துன்புறுத்தப்பட்ட பெண்கள் ஐந்தில் ஒருவர் என்று 2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு காட்டியது. அத்தனைக்கும் போத்தலைக் கைகாட்ட முடியாது.

சட்டமும் கைகாட்ட விடுவதில்லை. தானாகக் குடித்தவருக்கு வெறி விலக்காகாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அடிபட்ட பெண், நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவர் சார்பில் பொலிஸாரும் கேட்கலாம். கட்டளை 12 மாதம் வரை நிற்கும். அடித்தவரை வீட்டுக்குள் வராமலும் தடுக்கலாம்.

அம்மாமாரே, மாமிமாரே, "குடியை விட்டால் சரியாகிவிடும், பொறுத்துக்கொள்" என்று இனிச் சொல்லாதீர்கள். குடிக்கு வைத்தியம் தனியாக நடக்கட்டும். அடிக்கு இன்றைக்கே உதவி தேடுங்கள்: மகளிர் உதவி இலக்கம் 1938, பல அரச வைத்தியசாலைகளில் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு உதவும் 'மித்துரு பியச' நிலையங்களும் உண்டு. அவர் குடியை விடும்வரை காத்திருக்கத் தேவையில்லை.