மேசை மாறியவர்கள் – 9: தோல்விப் படங்களையும் எழுதி வைத்தவர்

ஐவி லீயை 1906 ஒக்டோபரில், அட்லாண்டிக் சிட்டி ரயில் விபத்தோடு விட்டிருந்தோம். 53 பேர் இறந்த விபத்தை மூடி மறைக்காமல் ரயில் கம்பனியின் பெயரிலேயே அறிக்கை எழுதிய பழைய நிருபர் அவர். அவரைப் போல, செய்தி மேசையில் இருந்து விளம்பர, மக்கள் தொடர்பு மேசைகளுக்கு மாறியவர்களைப் பற்றியது இத்தொடர்.

இந்த வாரம் யாழ்ப்பாணத்துக் கடற்றொழில் ஊரான குருநகர் என்று சொல்லியிருந்தோம். போகத்தான் போகிறோம். அதற்குள் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் குறுக்கே வந்துவிட்டார். அவரை ஒரு பந்தியில் முடித்து அனுப்ப மனம் வரவில்லை.

இயற்பெயர் ஆனந்தகிருஷ்ணன். சென்னையில் 'ஃபிலிம் நியூஸ்' என்ற பத்திரிகைக்குப் படம் எடுத்தவர். பத்திரிகையின் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1958இல் எம்.ஜி.ஆர். தன் கையிருப்பையெல்லாம் போட்டு 'நாடோடி மன்னன்' எடுத்துக்கொண்டிருந்தார். தயாரிப்பும் அவர், இயக்கமும் அவர், இரட்டை வேடமும் அவர். அந்த அலுவலகத்துக்குப் போன ஆனந்தன், மேசையில் படத்தின் ஸ்டில்கள் கிடப்பதைப் பார்த்தார். பத்திரிகைகளுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா என்று நிர்வாகத்தைக் கவனித்த ஆர்.எம். வீரப்பனிடம் கேட்டார். கொடுத்தார்கள். எந்தப் பத்திரிகைக்கு எந்தப் படம் பிடிக்கும், எந்த நாளில் பக்கம் முடிப்பார்கள் என்பதெல்லாம் அந்த வட்டாரத்திலேயே அலைந்த மனிதருக்கு அத்துப்படி. படங்கள் இதழ் இதழாக வெளிவந்தன. 1958 ஓகஸ்ட் 22இல் 'நாடோடி மன்னன்' திரைக்கு வந்தபோது 'மக்கள் தொடர்பு' என்று ஒரு வேலையும் அதற்கு ஒரு பெயரும் தமிழ் சினிமாவில் பிறந்திருந்தன. இன்று பி.ஆர்.ஓ. பெயர் போடாத தமிழ்ப் படம் கிடையாது. அந்த வரிசையின் முதல் ஆள் ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர்.

இது பலருக்கும் தெரிந்த கதை. இந்த வாரம் நம்மைப் பிடித்து உட்கார வைத்தது இதற்கு அடுத்த பகுதி.

படத்தைப் புகழ்வதுதான் அந்த வேலைக்குக் கூலி. ஓடாத படத்தைப் பற்றி விளம்பரக்காரர் வாய் திறக்கத் தேவையில்லை. ஆனந்தனோ ஓடிய படம், படுத்த படம் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் குறித்து வைத்தார். பாட்டுப் புத்தகம், துண்டுப் பிரசுரம், ஸ்டில் எல்லாம் சேர்ந்தன. தயாரித்தவர், இயக்கியவர், நடித்தவர், பாட்டு எழுதியவர், வெளியான திகதி என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பதிவு. முதல் பேசும் படமான 1931இன் 'காளிதாஸ்' வரை பின்னோக்கிப் போய்த் தேடினார். 'காளிதாஸ்' படச்சுருள் இன்று இல்லை. அதுபோல அழிந்துபோன ஆரம்பகாலப் படங்கள் எத்தனையோ. அப்படிப்பட்ட ஒரு படம் இருந்தது என்பதற்கே சில வேளை அதன் பாட்டுப் புத்தகம்தான் சாட்சி. வின்சர், வெலிங்டன், மனோகரா தியேட்டர் வாசல்களில் யாழ்ப்பாணத்தார் வாங்கி, மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ் தொலைத்த அதே மெல்லிய புத்தகங்கள்!

அந்தச் சேகரிப்பைத் தமிழக அரசு எடுத்துக்கொண்டது. 2004இல் 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்ற தடித்த நூலாக அது வெளிவந்தது. 2016 மார்ச்சில் அவர் காலமானபோது, தமிழ் சினிமா பற்றி எழுதுகிற எவரும் அவருக்குக் கடன்பட்டிருந்தார்கள். சம்பளம் கொடுத்தவர்கள் கேட்டது விளம்பரம். திகதியையும் பெயரையும் விடாமல் குறிக்கிற பத்திரிகைக்காரப் பழக்கம் வரலாற்றைச் சேர்த்து வைத்தது. மேசை மாறுகிறவர் கூடக் கொண்டுபோக வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான் என்பது இத்தொடரின் பிடிவாதம்.

இனிக் குருநகர்.

2009இல் போர் முடிந்த பிறகு யாழ்ப்பாணச் செய்தியாளர்கள் பலர் தொண்டு நிறுவனங்களில் தொடர்பாடல் உத்தியோகத்தர் ஆனார்கள். குறை சொல்ல முடியாது. செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபரில் தன் வீட்டில் இருந்து எழுதிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்ட யாழ்ப்பாணம் இது. செய்திக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கும் காசில் குடும்பம் நடத்திய பிராந்திய நிருபருக்கு மாதச் சம்பளம் பெரிய ஆறுதல்.

புது மேசையில் அவர்களிடம் கேட்கப்படுவது 'வெற்றிக் கதை'. அதன் அச்சு எல்லோருக்கும் தெரியும். முதலில் கஷ்டம், நடுவில் உதவி, கடைசியில் வலையைக் கையில் பிடித்துச் சிரிக்கும் ஒரு பெண், மூலையில் நிறுவனத்தின் சின்னம். குருநகர் இறங்குதுறையில் காலையில் வள்ளம் அணையும்போது நின்றால் இந்த அச்சுக்குள் அடங்காத கேள்விகள் தானாக வரும். வலையில் சிக்கிய நண்டைக் கால் முறியாமல் கழற்ற எவ்வளவு நேரம்? கால் முறிந்த நண்டுக்கு என்ன விலை? எண்ணெய்க் காசு போக மிஞ்சுவது எவ்வளவு? பழைய நிருபர் இவற்றைக் கேட்பார். கேட்டதை அறிக்கையில் எழுத விடுகிறார்களா என்பதில்தான் பிரச்சினை.

ஓர் உதாரணம். இந்திய றோலர்கள் வலையை அறுப்பதைப் பற்றி எழுத எவருக்கும் தயக்கமில்லை, எழுதத்தான் வேண்டும். குருநகரிலேயே றோலரில் இழுவைமடித் தொழில் செய்பவர்கள் இருக்கிறார்கள், 2017இல் நாடாளுமன்றம் அந்தத் தொழிலைச் சட்டம் போட்டுத் தடுத்தது, சிறுவலைக்காரருக்கும் அவர்களுக்கும் இழுபறி உண்டு என்பதை எந்த வெற்றிக் கதையும் தொடாது. தொட்டால் கதை குழம்பிவிடும் என்ற பயம். குழம்பட்டும். கடன்பட்டு றோலர் வாங்கிய சம்மாட்டியும், அதனால் வலை இழந்தவரும் புனித யாகப்பர் ஆலயத்தில் ஒரே பூசைக்கு நிற்கிறவர்கள். அந்த இருவரையும் சேர்த்து எழுதினால்தான் அது குருநகர்.

பெயர்களின் அருமையும் இந்த ஊருக்குத் தெரியும். 1986 ஜூன் 10இல் மண்டைதீவுக் கடலில் கொல்லப்பட்ட 31 கடற்றொழிலாளர்களை ஒவ்வோர் ஆண்டும் குருநகர் நினைவுகூருகிறது. அறிக்கைகளில் எண்ணிக்கையாகப் போனவர்கள் இங்கே இன்னாரின் மகன், இன்னாரின் கணவன்.

'மேசை மாறித் திரும்பி வந்தவர்' என்று அறிவித்திருந்த எஸ். சிவநாயகத்துக்கு இடம் போதவில்லை. 1953இல் 'டெய்லி நியூஸ்' பத்திரிகையில் சேர்ந்து, இடையில் விளம்பர வாசகம் எழுதப் போய், 1982இல் 'சற்றடே ரிவியூ' ஆசிரியராக யாழ்ப்பாணம் வந்தவர் அவர். அடுத்த ஆண்டு ஜூலையில் அரசு அந்தப் பத்திரிகைக்குச் சீல் வைத்தது. விளம்பரத்தில் பழகிய கை ஆசிரியத் தலையங்கத்துக்கு என்ன செய்தது என்பதை அடுத்த வாரம் முழுசாகப் பார்ப்போம்.