இலையில் வெள்ளைத் திட்டு: அழகா, நோயா? கட்டிங் கொடுக்கும் முன் இதைப் பாருங்க

கோவை அபார்ட்மென்ட் பால்கனியில் முழுப் பச்சையாக இருந்த மணிபிளான்ட். திடீரென ஒரு இலை பாதி பச்சை, பாதி வெள்ளையாக விரிகிறது. போட்டோ ஸ்டேட்டஸில் ஏறிய பத்தாவது நிமிஷம், 'எனக்கும் ஒரு கட்டிங் குடுங்க்கா' என்று மெசேஜ்.

ஆசைக்குக் காரணம் இருக்கு. 2020-ல் நியூசிலாந்தில், வெள்ளை கலந்த வெறும் 4 இலைகள் கொண்ட ஒரு தொட்டிச் செடி ஆன்லைன் ஏலத்தில் 8,150 நியூசிலாந்து டாலருக்கு விற்றது.

பச்சை எங்கே போச்சு?

வளரும் நுனியில் ஒரு செல்லில் மரபணு மாற்றம் ஏற்பட்டு, பச்சையம் உருவாக்கும் திறன் போய்விட்டால், அதிலிருந்து பிறக்கும் செல்களும் வெள்ளைதான். பக்கத்துச் செல்கள் வழக்கம்போல் பச்சை. ஒரே செடிக்குள் இரண்டு வகைத் திசு; இதற்குப் பெயர் 'கைமீரா'. வெள்ளைப் பகுதி சமைக்காது, பச்சைப் பகுதி சமைப்பதைச் சாப்பிடும். அதனால் முழுப் பச்சைக் கிளை வந்தால் அதுதான் வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கும். வெள்ளை வேணும்னா அதை வெட்டிடணும். முழு வெள்ளைக் கிளையோ நீடிக்காது.

வைரஸும் இதே வேலையைச் செய்யும்

துத்தியின் உறவான அபூட்டிலான் செடியை, அதன் மஞ்சள் திட்டு இலைக்காகவே 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் ஆசையாக வளர்த்தார்கள். அந்த அழகுக்குக் காரணம் ஒரு வைரஸ்!

சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு போடுபவர்களுக்கு இந்த 'அழகு' நல்லாவே தெரியும். அவர்கள் வைத்திருக்கும் பெயர் தேமல் நோய். இலை சுருங்கும், கிழங்கு சிறுக்கும். வெள்ளை ஈ பரப்புவது ஒரு பக்கம். நோயுள்ள செடியில் வெட்டிய கரணையை நட்டால், அடுத்த போகத்துக்கும் வைரஸ் கூடவே வந்துவிடும். பால்கனி கட்டிங்கும் ஒருவகைக் கரணைதானே?

எப்படிக் கண்டுபிடிப்பது?

இலை தட்டையாக, வழக்கமான அளவில் இருந்து, வெள்ளைக்கும் பச்சைக்கும் எல்லை தெளிவாக இருந்தால் பெரும்பாலும் கைமீரா. மங்கலான மஞ்சள் திட்டு, சுருக்கம், சிறுத்த புது இலைகள் என்றால் வைரஸ் சந்தேகம். இலைக்கு அடியில் வெள்ளை ஈ இருக்கான்னும் பாருங்க. நரம்பு மட்டும் பச்சையாக, புது இலை முழுக்க மஞ்சளா? அது இரும்புச்சத்துக் குறை. சிறுவாணித் தண்ணி கிடைக்காமல் உப்பு போர் தண்ணி ஊற்றும் வீடுகளில் இதற்கு வாய்ப்பு அதிகம்.

சந்தேகச் செடியைத் தனியாக வையுங்க, வெட்டிய கத்திரியைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. மெசேஜ் போட்டவருக்கு இப்போதைக்குப் பதில்: இன்னும் நாலு இலை வரட்டும்.