முதுமையோடு குறையும் ஒரு புரதம்

ஞாபகம் தடுமாறும் பெரியவருக்கு வந்திருப்பது அல்சைமர் நோய்தானா என்று உறுதிசெய்ய, முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீரை எடுக்க வேண்டியிருந்தது. இல்லையென்றால் செலவு பிடித்த பெட் ஸ்கேன். டெல்லி எய்ம்ஸின் உயிர் இயற்பியல் துறையும் முதியோர் மருத்துவத் துறையும் சேர்ந்து, கையில் எடுக்கும் ரத்தத்திலேயே தடயம் தேடின. அவர்கள் அளந்தது சர்டுயின்-1 என்ற புரதத்தை.

சேதமான டிஎன்ஏவைச் சரிசெய்யவும் அழற்சியைத் தணிக்கவும் செல்லுக்கு உதவும் புரதம் இது. இதே குடும்பத்துப் புரதம் ஒன்று கூடுதலாக இருந்தால் ஈஸ்டின் ஆயுள் நீள்கிறது என்று அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 1999இல் காட்டியிருந்தார்கள்.

அளக்கும் முறை அழகானது. தங்கம் பூசிய சிப்பின் மேல் ரத்தத்தின் சீரத்தை ஓடவிடுகிறார்கள். தேடும் புரதம் அதில் வந்து ஒட்ட ஒட்ட, அடிப்பக்கம் பட்டுத் திரும்பும் ஒளியின் கோணம் நகர்கிறது. எவ்வளவு நகர்ந்ததோ அதை வைத்துப் புரதத்தின் அளவைக் கணக்கிடுகிறார்கள்.

முடிவுகள் 2013இல் 'பிளாஸ் ஒன்' இதழில் வந்தன. 20 முதல் 31 வயதுவரையான 22 பேரிடம் மைக்ரோலிட்டருக்குச் சராசரியாக 8.16 நானோகிராம். அறுபதைத் தாண்டிய, நலமான 22 பேரிடம் 4.82. லேசான அறிவாற்றல் குறைபாடு உள்ள 9 பேரிடம் 3.64. அல்சைமர் நோயாளிகள் 40 பேரிடம் வெறும் 2.27.

மலைக்க வைக்கும் சரிவுதான். ஆனாலும் 9 பேரை வைத்து நாட்டுக்கே விதி எழுத முடியாது. புரதம் குறைந்ததால் நோய் வந்ததா, நோயால் புரதம் குறைந்ததா என்பதையும் ஒருமுறை எடுத்த ரத்தம் சொல்லாது. அடுத்த ஆண்டே இதே குழு, உடல் தளர்ந்த முதியவர்களிடமும் சர்டுயின் குறைவதைக் கண்டது. ஆக, இது மூளைக்கு மட்டும் உரிய அடையாளம் அல்ல.

மூளையில் அல்சைமர் செய்யும் மாற்றத்தை இன்னும் நெருக்கமாகக் காட்டுவது ரத்தத்தில் உள்ள பி-டவ் 217 என்ற புரதம். அதையும் அமிலாய்டு என்ற புரதத்தையும் ஒப்பிடும் ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்கா 2025 மே மாதம் அனுமதி தந்தது. அதுவும் அறிகுறி தெரியும், 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மட்டுமே.

எய்ம்ஸும் பங்கேற்ற தேசிய ஆய்வின் கணக்குப்படி, இந்தியாவில் அறுபதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, அல்சைமர் உள்ளிட்ட டிமென்ஷியா (மறதிநோய்) இருக்கிறது. வீட்டுப் பெரியவரின் மறதி கூடிக்கொண்டே போனால், 'வயசாச்சு' என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பி12 குறைவும் தைராய்டு கோளாறும்கூட மறதியைத் தரும். சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே அவை தெரிந்துவிடும், மருந்தும் இருக்கிறது.